முப்பத்தாறாம் எண் இடுப்பு

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றின் இரண்டாம் மாடியில், மாதிரித் தையல் பிரிவின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. முப்பத்தாறாம் எண் பொம்மை ஏப்ரல் முதல் வாரத்தில் மாற்றப்படும் என்றும், புதிய பொம்மைக்கு உடல் அச்சுக் கொடுக்க விரும்பும், முப்பத்தாறு அளவுள்ள பெண் ஊழியர்கள் மாஸ்டரிடம் பெயர் தரலாம் என்றும் அதில் இருந்தது.

தேநீர் இடைவேளையில் எல்லோரும் அதைப் படித்தார்கள். படித்துவிட்டு, ஒருவர் பாக்கியில்லாமல், மூன்றாவது வரிசை மெஷினில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஊசியில் நூல் கோக்கும் மும்முரத்தில் இருப்பதுபோல் குனிந்துகொண்டாள். ஊசியின் காது கண்ணிலேயே படவில்லை.

அந்தப் பொம்மை அவளுடைய உடம்பு.

பொம்மைக்குத் தலை கிடையாது, கை கிடையாது. கழுத்தில் தொடங்கித் தொடையின் பாதியில் முடிந்துவிடும். இரும்புக் கம்பியில் நிற்கும். மேலே காடாத் துணி போர்த்தி இழுத்துத் தைத்திருப்பார்கள், குண்டூசி குத்துவதற்கு வாகாக. அந்த மாடியில் தைக்கப்படும் எந்த மாதிரியும் முதலில் அதற்குத்தான் மாட்டப்படும். பொருந்தினால் வெட்டுப் பிரிவுக்குப் போகும். பொருந்தாவிட்டால் தையலைப் பிரித்து மறுபடி உட்கார வேண்டியதுதான். மற்ற எண்களெல்லாம் முப்பத்தாறிலிருந்து கூட்டியும் கழித்தும் போட்ட கணக்கு. அவள் கண்ணால் கண்டிராத எத்தனையோ பெண்கள் மாட்டிக்கொண்டு வேலைக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்த சட்டைகளின் தோளும் இடுப்பும் அவளிடமிருந்து எடுத்தவை.

பொம்மைக்கு அவளிடம் அச்சு எடுத்தது பதினெட்டு வருடத்துக்கு முன்பு; அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தையல் பெண்களை எல்லாம் சுவரோரம் வரிசையாக நிற்க வைத்து, மாஸ்டர் இஞ்சு டேப்போடு வந்தார். ஒவ்வொருத்தியையும் அளந்து, உதட்டைப் பிதுக்கி, அடுத்தவளிடம் நகர்ந்தார். அவளிடம் வந்ததும் ஒருமுறை அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். பிறகு மேலாளரை அழைத்து, "சார், வரைஞ்சு வச்ச மாதிரி இருக்கு சார்" என்றார். யாரோ கை தட்டினார்கள். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். அன்றிலிருந்து அந்த மாடியில் அவள் பெயர் முப்பத்தாறு. வயதில் சின்னவர்களுக்கு முப்பத்தாறு அக்கா.

அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, ஒரு வரிசையில் நின்று அவள் எதற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை.

மற்றப் பெண்களிடம் பழைய புகைப்படம் இருக்கும். அது மங்கும். வெளிச்சம் நன்றாக விழுந்தது, கோணம் வாகாக அமைந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பொம்மையிடம் அந்தப் பேச்சு எடுபடாது. அதைச் சுற்றி வரலாம், தொடலாம், டேப் வைத்தால் என்றைக்கும் ஒரே எண்ணைச் சொல்லும். போதாக்குறைக்கு, அவளுடைய மெஷின் பொம்மைக்குப் பின்னால் இருந்தது. எந்தப் பெண்ணும் தன் முதுகைச் சரியாகப் பார்த்ததில்லை. அவளோ தன்னுடைய இருபத்து மூன்று வயது முதுகை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு வேலை செய்தாள். பக்கவாட்டில் வெயில் விழும் பிற்பகல்களில், தோள்பட்டைக்குக் கீழே இறங்கி இடுப்பில் உள்வாங்கும் அந்த வளைவு பார்க்கப் பார்க்கத் தொண்டையை அடைக்கும். செத்துப்போன அக்காவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் வருமே, அதுபோல.

பிள்ளை பிறந்தது. அறுவை செய்துதான் எடுத்தார்கள். வயிற்றின் அடியில் ஒரு கோடு, அதன் மேல் ஒரு மடிப்பு. பிள்ளை வளர்ந்து வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டான். மடிப்பு போகவில்லை.

போன வருடம் ஜிம்மில் சேர்ந்தாள். அங்கே ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி முன்னால் நின்று இளம்பெண்கள் ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருப்பார்கள். அளக்கிற பார்வையை அவளுக்குத் தெரியாதா? பயிற்சி கொடுப்பவர், அவள் போன முதல் நாளே, செல்போனில் நாலைந்து படங்களைத் தள்ளிக் காட்டி, "அக்கா, உங்களுக்கு இதுல யார் மாதிரி ஆகணும்?" என்று கேட்டார்.

"என்னை மாதிரி."

அவர் தன்னம்பிக்கை என்று எடுத்துக்கொண்டு பாராட்டினார்.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு வெள்ளை நாடா தொங்கியது. மதிய இடைவேளையில் யாரும் இல்லாதபோது பொம்மையின் இடுப்பில் சுற்றி, முனையோடு முனை சேர்த்து வெட்டிக் கொண்டுவந்தது. தினமும் காலையில் அதைத் தன் இடுப்பில் சுற்றிப் பார்ப்பாள். ஆரம்பத்தில் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சாண் தோல் தெரிந்தது. ஒரு வருட ஓட்டத்திலும் குனிந்து நிமிர்ந்ததிலும் அது நான்கு விரலாகக் குறைந்திருந்தது. அதற்குமேல் இம்மியும் நகரவில்லை. அந்த நேரத்தில்தான் அறிவிப்பு வந்தது.

அன்று மதியமே மாஸ்டரிடம் போனாள்.

"பேர் எழுதிக்குங்க மாஸ்டர்."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரு பேரு?"

"என் பேருதான்."

"ஒருதடவை நின்னாச்சு, பேர் வாங்கியாச்சு. உனக்கு எதுக்கும்மா மறுபடியும் இந்த வேலை? சின்னதுங்க யாராவது நிக்கட்டுமே."

"முப்பத்தாறு இருந்தா போதும்னுதானே போட்டிருக்கு? வயசு போடலையே."

"அதான் நானும் சொல்றேன். முப்பத்தாறு இருந்தா…" என்று இழுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிக்கொண்டார். "எழுதிட்டேன், போ."

பொம்மையை மாற்றும் பேச்சு வந்ததே, திரும்பி வந்த சரக்கால். முந்தைய வருடம் கணினியில் அளவு வரைய ஒருவர் புதிதாக வந்து சேர்ந்திருந்தார். மாடியில் எல்லோருக்கும் அவர் கம்ப்யூட்டர் தம்பி. அவர் பொம்மையை நூல் பிசகாமல் அளந்து எல்லா வரைவுகளையும் புதிதாகப் போட்டார். நான்கே மாதத்தில் பெட்டி பெட்டியாகச் சட்டைகள் திரும்பின. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரே புகார். நின்றால் சரியாக இருக்கிறது, உட்கார்ந்தால் இடுப்பில் பிடிக்கிறது.

பெட்டிகளைப் பிரித்த அன்று மாஸ்டருடைய பழைய அட்டை வரைவுகளைக் கொக்கியிலிருந்து கழற்றி வந்து கம்ப்யூட்டர் தம்பி மேசையில் பரப்பினார்.

"மாஸ்டர், உங்க அட்டையில இடுப்பு ரெண்டு விரல் அதிகமா இருக்கு. பொம்மையில அது இல்ல. யாரைக் கேட்டு வச்சீங்க?"

"யாரைக் கேக்கணும்? அது சாப்பாட்டு இடம்."

"என்ன இடம்?"

"சாப்பாட்டு இடம்யா. இந்தப் பொம்மை வந்த புதுசுல முதல் சரக்கே திரும்பி வந்துச்சு. அப்பவே ரெண்டு விரல் சேர்த்துட்டேன். மனுஷி சட்டையைப் போட்டா மத்தியானம் சாப்பிட மாட்டாளா? அதுக்கு இடம் வேணாமா? என்கிட்ட வேலை கத்துக்கிட்ட எவனைக் கேட்டாலும் சொல்வான், முப்பத்தாறுன்னா ரெண்டு விரல் சேர்த்து வெட்டுன்னு."

"அப்போ அச்சு எடுத்தப்ப இவங்க பட்டினியா நின்னாங்களா?"

மாடியே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். "எனக்கு அன்னைக்குப் பசியில்ல தம்பி" என்றாள்.

கடைசியில் நிர்வாகம் தன் போக்கில் ஒரு முடிவுக்கு வந்தது. பொம்மை பழசு, உள்ளே காகிதக் கூழ் காய்ந்து சுருங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள். பொம்மை சுருங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதன் இடுப்பை அவள் அளந்து பார்க்காத மாதமே கிடையாது. ஆனால் அதைச் சொல்லப் போய், எதற்காக அளந்தாய் என்று யாராவது கேட்டுவிட்டால்?

அறிவிப்புக்குப் பிறகு மூன்று வாரமும் அவள் வேகவைத்த முட்டையும் வெள்ளரிக்காயும் தண்ணீரான சூப்பும்தான் சாப்பிட்டாள். காலையில் ஓடினாள், சாயங்காலம் ஜிம்முக்குப் போனாள். மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல் கீழே எட்டிப் பார்த்தபடி நிற்பாள். பக்கத்து மெஷின் பெண்ணுக்குக் கிளி என்று பட்டம். வாய் ஓயாது. பேசுவதற்கு, இல்லாவிட்டால் பிஸ்கட்டுக்கு.

"அக்கா, கோச்சுக்காதீங்க. நானும் பேர் குடுத்துட்டேன்" என்றாள் கிளி ஒருநாள்.

"கோச்சுக்க என்ன இருக்கு? நல்லா குடு."

"அழகிப் போட்டிக்கு ஒண்ணும் இல்லக்கா. அன்னைக்கு முழுக்க வேலை செய்ய வேண்டாமாம், சும்மா நின்னா போதுமாம். எங்க அம்மாகிட்ட சொன்னேன். ஒரு இடத்துல சும்மா நிக்கிறதா, நீயா, காசு குடுத்துப் பார்க்கலாமேன்றாங்க."

கீழே விழுந்த நூல் பாபினை எடுக்கக் கிளி குனிந்தாள். குனிந்த முதுகில் சட்டை இழுபட்டு, இடுப்பின் வளைவு துல்லியமாகத் தெரிந்தது. அதில் எந்த முயற்சியும் இல்லை. அந்த இடுப்பு இருப்பது அதன் சொந்தக்காரிக்கே தெரியாது. பிஸ்கட் தின்றுகொண்டு, பாபினைத் தேடிக்கொண்டு, அது பாட்டுக்கு இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே மெஷினை மிதித்தாள். ஊசி ஆள்காட்டி விரலின் நகத்தில் இறங்கியது.

விரலில் கட்டோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துக் கணவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் லிப்ட் பழுது பார்ப்பவன். பிரச்சினை எந்தத் தளத்தில் நிற்கிறது என்று தெரியாமல் கதவைத் திறக்கக் கூடாது என்பது அவன் தொழில் பாடம். மறுநாள் காலை குளியலறைக் கதவைத் தட்டினான்.

"உள்ள யாரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க? எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

அவள் நாடாவோடு வெளியே வந்தாள். "ரெண்டு விரல்தாங்க. இன்னும் ரெண்டே விரல்."

"ரெண்டு விரலுக்காக ஒரு ஆளே கரைஞ்சுக்கிட்டு இருக்கா. கண்ணு எங்கயோ உள்ள போயிடுச்சு. போற போக்குல, வீட்டுல பொம்மை இருக்கும், நீ இருக்க மாட்ட."

"உங்களுக்கு அந்தப் பொம்மையைப் பிடிக்கும்னு சொல்லுவீங்களே."

"பிடிக்கும்தான். அதுக்கு வாய் கிடையாது. அது ஒண்ணுதான் அதுல விசேஷம்."

வழக்கமாக இதற்குச் சிரித்துவிடுவாள். அன்று நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை அந்த வரிசையில் நிற்க வேண்டும். டேப்பைப் பார்த்துவிட்டு யாராவது இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். எதிர்வீட்டு மொட்டைமாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சட்டைகளைப் பார்த்ததும், பழக்கத்தில், எந்த எண் என்று மனசு கணக்குப் போட்டது.

ஏப்ரல் பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாடாவின் முனைகள் தொட்டுக்கொண்டன. வயிற்றை உள்ளே எக்கி, மூச்சை இழுத்துப் பிடித்தால். கண்ணாடியில் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். அதேதான். அந்த வளைவேதான். மூச்சை விட்டதும் முனைகள் விலகின. அவள் மறுபடி பிடித்தாள். அச்சு எடுக்கும் நேரம் வரைக்கும் பிடித்தால் போதாதா?

மூன்றாம் தேதி வியாழக்கிழமை அச்சு எடுப்பவர் வந்தார். ஐம்பது வயதை நெருங்கிய அம்மாள். நகக்கண்ணில் வெள்ளைச் சாந்து ஏறி, கழுவினாலும் போகாத கை. பின்பக்கச் சரக்கு அறையைக் காலி செய்து, தரையில் பிளாஸ்டிக் விரித்து, வாளிகளையும் சாந்து தோய்த்த துணிச் சுருள்களையும் வரிசையாக வைத்தார். பெயர் கொடுத்தவர்கள் நான்கு பேர். ஆண்கள் வெளியே.

அந்த அம்மாள் அளக்கிற விதம் விநோதமாக இருந்தது. டேப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு, "வீட்டு விலாசம் சொல்லும்மா" என்பார். சொல்லச் சொல்ல எண்ணைப் பார்ப்பார். முதல் இரண்டு பேரும் தெருப்பெயர், கதவு எண் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அளவு சரியாக வரவில்லை. கிளி விலாசத்தோடு நிறுத்தவில்லை. வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் போட மறுப்பதையும், அவருடைய மருமகள் பாட்டுப் பழகும் நேரத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

"போதும், போதும். கடிதாசு எதுவும் போடப் போறதில்ல" என்று டேப்பை உருவினார் அந்த அம்மாள். "முப்பத்தாறு. அச்சு அசல்."

அடுத்து அவள். வயிற்றை எக்கிக்கொண்டு போய் நின்றாள். டேப் சுற்றியது.

"விலாசம்?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"சொல்லும்மா."

"கதவு எண்…" என்றாள். மூச்சு போய்விட்டது. அதோடு இடுப்பும் போய்விட்டது.

"முப்பத்தெட்டு" என்றார் அந்த அம்மாள், பொதுவாக.

"இன்னொருதடவை எடுங்க. பேசாம நிக்கிறேன்."

"பேசணும்மா."

"எதுக்குப் பேசணும்? பொம்மை பேசுதா?"

கிளி களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. டேப்பை எடுக்காமலே சொன்னார்: "பேசறப்ப மூச்சைப் பிடிச்சு வைக்க முடியாது. அதுக்குத்தான் பேசச் சொல்றது. வயித்தை எக்கி நிக்கிறப்ப அச்சு எடுத்தா, அந்தப் பொம்மைக்குத் தைக்கிற சட்டையை உயிரோட இருக்கிற எவளும் போட்டுக்கிட்டு உக்கார முடியாது. நிக்க வேணா செய்யலாம்."

கிளிக்கு அச்சு எடுக்கும்போது உதவிக்கு அவளையே நிற்கச் சொன்னார்கள். ஏற்கெனவே அனுபவம் உள்ளவள் என்று. அவள் ஈரத் துணிச் சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். தோள், மார்பு, வயிறு என்று வெள்ளை ஏறிக்கொண்டு வந்தது. வயிற்றில் துணி படும்போது கிளியும் தன்னை அறியாமல் எக்கினாள்.

"விடும்மா, மூச்சை விடு. நல்லா விடு."

"விட்டா பெருசா தெரியுமே."

"தெரியட்டும். உன் வயிறுதானே?"

அவள் கையிலிருந்த சுருளிலிருந்து சாந்து சொட்டிக்கொண்டிருந்தது.

இருபத்து மூன்று வயதில் அவளுக்கு அச்சு எடுத்தது ஓர் ஆண். திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று தன் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இவளிடம் அவர் பேசியது ஒரே ஒரு வார்த்தை: "அசையாதே." மூச்சு விடு என்று யாரும் சொல்லவில்லை. பிடித்துக்கொள் என்றும் யாரும் சொல்லவில்லை. வெளியே அத்தனை பேர் கை தட்டியிருந்தார்கள். வரைந்து வைத்த மாதிரி என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். வரைந்த படம் மூச்சு விடாது. அவள் தானாகவே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, நெஞ்சின் மேல்பகுதியில் மட்டும் பூனைபோல் காற்றைக் குடித்துக்கொண்டு, சாந்து இறுகும் வரை நின்றாள். கழற்றியதும் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் வந்த மயக்கம் என்று அப்போது நினைத்திருந்தாள்.

கிளியைக் கழுவி அனுப்பிவிட்டு நேராக மாஸ்டரிடம் போனாள்.

"மாஸ்டர், அந்தச் சாப்பாட்டு இடம்."

"அதுக்கு என்ன இப்போ?"

"அது சாப்பாடு இல்ல மாஸ்டர். மூச்சு. நான் அன்னைக்கு மூச்சு விடல."

மாஸ்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். "அடிப்பாவி. இத்தனை வருஷமா ரெண்டு விரல் சேர்த்து உனக்கு மூச்சு விட்டுக்கிட்டு இருந்தது நானா?" என்று சொல்லி, சிரித்து, இருமி, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினுக்குத் திரும்பி, அன்றைய துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டாள். எதிரே அந்த முதுகு. இருபத்து மூன்று வயதிலும் அது அவளிடம் இருந்ததில்லை. ஒரு மதியம், ஒரு திரைக்குப் பின்னால், கொஞ்ச நேரம் இருந்தது. அதற்காகத்தான் அவள் ஓடினாள், பசித்திருந்தாள், கணவன் தொட வந்தபோது விளக்கை அணைக்கச் சொன்னாள்.

இல்லாத ஒன்றுக்காக ஏங்கினோம் என்று தெரிந்தால் ஏக்கம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் ஏங்கிப் பார்க்காதவர்கள். அந்த வளைவு அப்போதும் அழகாகவே இருந்தது. அவள் பார்ப்பதை நிறுத்தவில்லை. யார் வீட்டுப் பெண்ணோ என்பதுபோல் பார்த்தாள். ஆனால் அளக்கத் தோன்றவில்லை.

வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த அம்மாள் அவளைக் கூப்பிட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கூட்டல் கணக்குல பண்ணின பெரிய எண்ணெல்லாம் சரியா வரலையாம். முப்பத்தெட்டுக்கும் தனியா ஒரு பொம்மை பண்ணச் சொல்லியிருக்காங்க. அதுக்கு யாரும் பேரே குடுக்கல."

"குடுக்க மாட்டாங்க."

"நீ சரியா இருப்ப."

"நான் முப்பத்தெட்டு இல்ல" என்றாள் அவள். சொன்ன வேகத்தில் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருப்பேன். வர்றதா இருந்தா சாப்பிட்டுட்டு வா. வெறும் வயித்தோட வந்து என்மேல சாயாத."

அன்று சாயங்காலம் ஜிம் இருக்கும் தெருவைத் தாண்டி நேராக வீட்டுக்குப் போனாள். கணவன் சீக்கிரம் வந்திருந்தான். சமையலறை மேடையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே கேட்டான். லிப்ட் எங்கே நின்றது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்போ நான் பார்த்தது யாரை?" என்றான் கடைசியில்.

"எப்போ?"

"உங்க கம்பெனி லிப்ட் ரிப்பேருக்கு வந்தப்ப. பொம்மைக்கு அச்சு எடுத்து ஒரு மாசம் இருக்குமா? நீ துணிக்கட்டைத் தூக்கிக்கிட்டு, மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கப் படியேறி வந்து, லிப்ட் எப்பய்யா ஓடும்னு என்னைத் திட்டின. நான் கட்டிக்கிட்டது அந்த ஆளைத்தான். எனக்கு அவ நல்லா மூச்சு விட்டதாத்தான் ஞாபகம்."

"அவளும் இப்ப இல்லையேங்க."

அவன் கிழங்கை நறுக்கினான். "நானும் அப்ப இருந்த ஆளு இல்ல. முட்டி தேஞ்சு போச்சு. லிப்ட்டுக் குழிக்குள்ள இறங்கறப்ப பக்கத்துல இருக்கிற பையனோட தோளைப் பிடிச்சுக்கறேன். உன்கிட்ட சொல்லல" என்றான்.

அவள் அவன் கையிலிருந்து கத்தியை வாங்கி மீதிக் கிழங்கை நறுக்கினாள். அன்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். போட்டுக்கொள்ளும்போது கை தயங்கத்தான் செய்தது.

மறுநாள் மதியம்வரை முடிவு செய்யவில்லை. கிளி பிஸ்கட்டை நீட்டினாள், வாங்கிக்கொண்டாள். முப்பத்தெட்டாம் எண் என்று ஒரு பொம்மை வந்து அந்த மாடியில் நிற்கும். எல்லோரும் அதைச் சுற்றி வருவார்கள், குண்டூசி குத்துவார்கள், வயிற்றின் மடிப்பைக் கையால் நீவிப் பார்ப்பார்கள். இன்னொரு பதினெட்டு வருடத்துக்கு அது மாறாது. யாரும் கை தட்ட மாட்டார்கள். ஒருவேளை அடுத்த பதினெட்டாவது வருடம், ஐம்பத்தொன்பது வயதில் அதைப் பார்த்து அவளுக்குத் தொண்டை அடைக்கலாம். இந்த நினைப்பு வந்தபோது அவள் மெஷினை நிறுத்தினாள்.

சரக்கு அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அந்த அம்மாள் சாமான்களைக் கட்டத் தொடங்கியிருந்தார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"விலாசம் சொல்லு."

அவள் கதவு எண்ணிலிருந்து தொடங்கிச் சொன்னாள்.

முப்பத்தெட்டாம் எண் பொம்மைக்கான அச்சு, ஏப்ரல் நான்காம் தேதி பிற்பகல், அந்த அறையிலேயே எடுக்கப்பட்டது. சாந்து இறுகும் வரை அவள் தன் மகனின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். இடையில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பொம்மைகள் இரண்டும் மே மாதக் கடைசியில் வந்து சேர்ந்தன. முப்பத்தாறாம் எண் வரைவில் இரண்டு விரல் சேர்க்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. முப்பத்தெட்டாம் எண் பொம்மைக்கு, அவளுக்கு இருப்பதுபோலவே, இடது தோள் சற்று இறக்கமாக இருப்பதாகச் சொல்லி, மாஸ்டர் அதன்மேல் பஞ்சு வைத்துத் தைத்தார்.